வேடியப்பனுக்கு உடம்பு சரியில்லை

என் தங்கை மகள் சென்னையில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பில்லில் தகராறு என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் அவள் வேலை. போன பொங்கலுக்கு வந்திருந்தவள், ஒருவர் தன்னைக் காது கூசும்படி திட்டியதைச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் உண்டா பெரியம்மா?" என்று கேட்டாள். அவர்களுக்குப் பயிற்சியில், முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு அவர் பெயரை அன்பாகச் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்திருக்கிறார்களாம். நாங்கள் மன்னிப்பெல்லாம் கேட்டதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போம். மிச்சத்தை எங்கள் சூப்பர்வைசரின் இடது காது பார்த்துக்கொள்ளும்.

நயா பைசா வந்து, ஜனங்கள் அணாவிலேயே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. வேலூரில் சில மாதம் பயிற்சி கொடுத்து, தலையில் ஹெட்செட்டை மாட்டி, ஆலங்காயம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சியில் கற்றதில் பாதி, ஆங்கிலத்தில் 'நம்பர் ப்ளீஸ்' என்று குழைவாகச் சொல்வது. ஆலங்காயத்தில் நான் முதன்முதலாக அப்படிக் குழைந்தபோது, அந்தப் பக்கம் இருந்தவர், "இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கேட்டார். அன்றோடு அதை விட்டுவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட ஓர் அறை, ஒரு சுவிட்ச்போர்டு, சூப்பர்வைசருக்கு ஒரு மேசை. ஜன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை. மலையில் மழை என்றால் எந்தக் கம்பியாவது அறுந்திருக்கும், எங்களுக்கு ஓய்வு. வெயில் என்றால் ஊரே பேசும்.

சூப்பர்வைசர் பெயரை ஞானப்பிரகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் எல்லாப் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். காலையில் வந்ததும் போர்டின் பிளக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பிரிட்டில் துடைப்பார், வீட்டு வெள்ளிப் பாத்திரங்களைத் துடைப்பதுபோல. யார் புகாரோடு வந்தாலும் நின்றுகொண்டு பேச விடமாட்டார். தன் இடது பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, பானையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்து, "சொல்லுங்க" என்பார். வந்தவர் கொட்டித் தீர்ப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஞானப்பிரகாசம், "என்ன சொன்னீங்க?" என்பார். பல வருஷம் ஹெட்செட் மாட்டியதில் அவருக்கு இடது காது மந்தம். வந்தவர் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் கோபமாகவே சொல்வான்? இரண்டாவது தடவை கொஞ்சம் நிதானம் வந்துவிடும். மூன்றாவது தடவை உண்மையே வந்துவிடும். மந்தமான காதின் பக்கமாகவே ஏன் நாற்காலியைப் போட்டிருக்கிறார் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

எங்களிடம் வாடிக்கையாகத் தகராறு செய்பவர் ஒரே ஒருவர்தான். மலைச்சரக்கு மண்டியின் கணக்குப்பிள்ளை தணிகாசலம். மலையிலிருந்து இறங்கும் கடுக்காய், புளி, தேன் எல்லாம் அந்த மண்டிக்குத்தான் வரும். கடுக்காய் அங்கிருந்து வாணியம்பாடித் தோல் ஷாப்புகளுக்குப் போகும். தோல் பதப்படுத்தக் கடுக்காய் வேண்டும். தணிகாசலம் உலர்ந்த மனிதர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், ஆனால் அது தேய்ந்துவிடும் என்று விரிக்கமாட்டார். மாதா மாதம் பில்லோடு வந்துவிடுவார். ஒரு தடவை, தோல் ஷாப்காரர் போனில் ரொம்ப நேரம் இருமினார் என்று வந்தார்.

"அவுரு இருமினதுக்கு மண்டி ஏன் சார் துட்டு குடுக்கணும்?"

"இருமல் அவரோடது. கம்பி நம்மளோடது" என்றார் ஞானப்பிரகாசம், நல்ல காதில் கேட்டவராக.

இப்படி இருமலுக்கே வழக்காடுகிறவர், வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் காசை மிச்சம் பிடிக்க வழி தேடாமல் இருப்பாரா? தேடினார். கண்டும்பிடித்தார்.

டிரங்க் காலில் 'பி.பி. கால்' என்று ஒன்று உண்டு. வெறும் நம்பரைக் கேட்காமல், இன்ன ஆளோடுதான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவு செய்வது. நாங்கள் அந்தப் பக்கம் கூப்பிட்டு, "இன்னார் இருக்காரா?" என்று கேட்போம். இருந்தால் அவரை லைனில் சேர்ப்போம், அந்த நொடியிலிருந்து மூன்று மூன்று நிமிஷமாகக் கட்டணம் ஓடும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேடிப் பார்த்ததற்கு ஒரு சிறு கட்டணம் உண்டு, ஆள் இல்லை என்றால் அது மட்டும்தான். காபி குடிக்கிற காசு.

தணிகாசலம் வாரம் தவறாமல் வாணியம்பாடித் தோல் ஷாப் ஒன்றுக்கு பி.பி. கால் போடுவார். ஆள் பெயர் வேடியப்பன். நான் அங்கே கூப்பிடுவேன். ஷாப் குமாஸ்தா கரீம் பாய் எடுப்பார்.

"வேடியப்பன் இருக்காரா பாய்?"

"இல்லம்மா. ஒடம்பு சரியில்ல, வூட்ல படுத்துக்கினு கீறாரு."

நான் அதை அப்படியே மண்டிக்குச் சொல்வேன். தணிகாசலம், "அப்டியா, பாவம்" என்று போனை வைத்துவிடுவார். அடுத்த வாரம் கேட்டால் வேடியப்பன் வெளியூர் போயிருப்பார். அதற்கடுத்த வாரம், "ஊர்லதான் கீறாரு, இப்பதான் எழுந்து போனாரு." பிறகு மறுபடி படுக்கை. எனக்கு அந்த வேடியப்பன் மேல் ஒரு பரிவே வந்துவிட்டது. இத்தனை நோஞ்சானாக இருந்துகொண்டு எதற்கு இப்படி ஊர் சுற்றுகிறார் என்று கவலைப்பட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது அவருக்காகவும் ஒரு கற்பூரம் ஏற்றினேன். சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

ஒரு நாள் மண்டிப் பக்கமாக நடந்து போனேன். கடுக்காய் மூட்டையோடு இறங்கிவந்த மலைக்காரர்கள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்தார். "யம்மா, நீதான போன்ல பேசற அம்மா? வேடியப்பனுக்கு ஒடம்பு தேவலையா?" என்றார்.

"உங்களுக்கு அவரைத் தெரியுமா தாத்தா?"

"அவன எங்களுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்? அவன் படுத்தா கடுக்கா வெல படுத்துடுது. அவன் வெளியூரு போனா வெல ஏறுது. இன்னிக்கு எப்டி கீறான், அத்தச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேடியப்பன் என்று ஒருவர் இல்லவே இல்லை. உடம்பு சரியில்லை என்றால் விலை இறக்கம், வெளியூர் என்றால் ஏற்றம், இப்போதுதான் எழுந்து போனார் என்றால் போன வார விலையே. தணிகாசலமும் கரீம் பாயும் காபிக் காசில் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார்கள். மலைக்காரர்கள் வரை விஷயம் தெரிந்திருக்கிறது, கற்பூரம் ஏற்றியவள் நான் ஒருத்திதான்.

கொதித்துப்போய் ஞானப்பிரகாசத்திடம் சொன்னேன். அவர் பிளக்கைத் துடைத்துக்கொண்டே, "இல்லாத ஆளைக் கேட்கக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்லையேம்மா" என்றார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு ஒரு நாள், வழக்கம்போல தணிகாசலம் பதிவு செய்ய, வழக்கம்போல நான் கூப்பிட்டு, வழக்கம்போல வேடியப்பன் இருக்காரா என்றேன். கரீம் பாய், "கீறாரும்மா" என்றார்.

மண்டி லைனைப் போட்டேன். "ஐயா, வேடியப்பன் இருக்காராம்."

"இருக்காரா? அது எந்த வெல?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் தணிகாசலம். பிறகு சுதாரித்துக்கொண்டு, "நல்லாக் கேளும்மா" என்றார்.

நல்லாவே கேட்டேன். கரீம் பாயின் குரல் கரகரத்தது. "நெசமாவே கீறாரும்மா. என் எதுர்லயே நிக்கறாரு. ஆளு நிக்கசொல்ல இல்லன்னு எப்டிம்மா சொல்வேன்?"

விதிப்படி சேர்த்தேன், நேரத்தைக் குறித்தேன். நாங்கள் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்பதில்லை. ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது காது கொடுத்துப் பார்க்க வேண்டும், அது கடமை. அன்று நான் கடமையை மிகவும் சிரத்தையாகச் செய்தேன்.

"அண்ணா" என்றது வாணியம்பாடிக் குரல். "நான் வேடியப்பன் பேசறண்ணா."

இந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"லாரி ஓட்றேண்ணா. மெட்ராஸ்லேர்ந்து இங்க லோடு வரும். பாய் எல்லா டிரைவரையும் கேப்பாராம், ஆலங்காயத்துக்காரரு வாரா வாரம் வேடியப்பன்னு ஒருத்தனக் கேக்கறாரு, உங்கள்ல எவனாச்சும் கீறீங்களான்னு. தமாசுக்குத்தான் கேட்டாராம். நான் கேட்டதும் ஆடிப் போய்ட்டேண்ணா. இத்தினி வருசமாவா என்னத் தேடிக்கினு இருந்தீங்க?"

மூன்று நிமிஷம் ஆனதும் நான் குறுக்கே வந்து, "நேரம் முடிஞ்சுதுங்க, நீட்டிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன். "ம்" என்றார் தணிகாசலம். இருமலுக்குக் காசு தரமாட்டேன் என்ற தணிகாசலம். வேடியப்பன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னான், மகள் பிறந்ததைச் சொன்னான், அழுதான். மறுபடி நேரம் முடிந்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் "ம்". கடைசியில் வேடியப்பன், "ஒரே ஒரு தபா வந்து பாத்துட்டுப் போறேண்ணா. அடுத்த மாசம் லீவு கேட்டு வர்றேன். வரலாமா?" என்றான். அதற்கு இந்தப் பக்கமிருந்து 'ம்' கூட வரவில்லை. தணிகாசலம் போனை வைத்துவிட்டார்.

மாத முடிவில் பில் போனது. மறுநாளே தணிகாசலம் குடையோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஞானப்பிரகாசம் கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"சார், இது அநியாயம். ஒம்போது நிமிசம்னு போட்டுக்கீறீங்க. நான் ஒரு வார்த்த பேசல. பேசாத காலுக்கு எதுக்கு துட்டு? அந்தம்மாவையே கேளுங்க."

என்னைக் கேட்டார்கள். "ஐயா பேசல சார். ஆனா நீட்டிக்கலாமான்னு கேட்டேன், 'ம்'ன்னார். ரெண்டு தடவையும்" என்றேன்.

"'ம்'ன்னா சம்மதம்னு எந்த ரூல்ல கீது?" என்று எகிறினார் தணிகாசலம்.

"என்ன சொன்னீங்க?" என்றார் ஞானப்பிரகாசம், இடது காதைச் சாய்த்து.

தணிகாசலம் பெருமூச்சு விட்டார். இரண்டாவது தடவை குரல் இறங்கியிருந்தது. "சார், நான் கேட்ட ஆளு அங்க இருக்கக் கூடாது. இருக்கமாட்டான்னு தெரிஞ்சுதான் அந்தப் பேர வெச்சேன். மண்டி வெவகாரம் சார். கடுக்கா வெல தெரிஞ்சுக்கறதுக்கு. அவன் வந்து நின்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"என்ன சொன்னீங்க? இந்தக் காது கொஞ்சம் மந்தம்."

தணிகாசலம் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"அவன் என் தம்பி சார். அப்பா போனதும் நான்தான் வளத்தேன். பொண்ணு பாத்து, நிச்சயத்துக்கு எல்லாரும் வந்து பந்தல்ல ஒக்காந்தாச்சு, ஆளக் காணோம். வேற ஒரு பொண்ணக் கூட்டிக்கினு போய்ட்டான். பொண்ணு வூட்டார் முன்னாடி கையக் கட்டிக்கினு நின்னேன் சார். அன்னிக்கே சொன்னேன், இனி அவன் எனக்கு இல்லன்னு. கரீம் பாய் எதுனா ஒரு பேரு சொல்லுங்கன்னு கேட்டப்போ அந்தப் பேருதான் வாயில வந்துச்சு. எங்க கூப்ட்டாலும் இல்லன்னு சொல்ற பேரு என்கிட்ட அது ஒண்ணுதான் சார் இருந்துச்சு."

ஞானப்பிரகாசம் இந்தத் தடவை 'என்ன சொன்னீங்க' என்று கேட்கவில்லை. நான் ஹெட்செட்டைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப அவன், நான் தேடித் தேடிக் கூப்ட்டேன்னு நெனச்சிக்கினு கீறான். லீவு போட்டு வரேன்றான். கடுக்கா வெலைக்குத்தான்டா உன் பேரச் சொன்னேன்னு எப்டி சார் சொல்வேன்? மண்டி காச இதுக்குக் கட்ட மாட்டேன், அது தப்பு. என் காசக் கட்டினா நான் அவனக் கூப்ட்ட மாதிரி ஆயிடும். நான் கூப்டல சார். எனக்கு இந்தப் பில்லு வேணாம்."

விஷயம் இவ்வளவுதான். பில் யார் பெயரில் என்பதல்ல, அண்ணன் தம்பியைக் கூப்பிட்டானா இல்லையா என்பது. அதைத் தீர்க்க எங்கள் இலாகாவில் விதி ஏது?

இருந்தது. ஞானப்பிரகாசம் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். விதிப் புத்தகத்தை வாசிப்பவர்போல நிதானமாகச் சொன்னார்.

"புகார் எழுதிக் குடுங்க. 'வேடியப்பன் என்பவரை நான் கூப்பிடவில்லை.' கீழே கையெழுத்து. நான் வேலூருக்கு அனுப்பறேன். அவங்க வாணியம்பாடியில விசாரிப்பாங்க. வேடியப்பனை நேர்ல பார்த்து, உங்க அண்ணன் உங்களைக் கூப்பிடவே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கார், நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்பாங்க. அதுக்கப்புறம் பில்லைத் தள்ளுபடி செஞ்சுடுவாங்க. உங்களுக்குப் பைசா செலவு இல்லை."

பைசா செலவு இல்லை என்ற வார்த்தை தணிகாசலத்துக்கு எப்போதும் சர்க்கரை. பேனாவை எடுத்தார். மணிமணியான எழுத்து அவருக்கு. 'வேடியப்பன் என்பவரை நான்' என்பது வரை வந்தது. அங்கே பேனா நின்றது.

போர்டில் இரண்டு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. நான் எடுக்கவில்லை. ஞானப்பிரகாசமும் என்னை அதட்டவில்லை. துடைத்த பிளக்கையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வருஷக்கணக்காக இருந்த எரிச்சல் எல்லாம் அப்போதே போய்விட்டது.

பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுபக்கம் வெள்ளையாக இருந்ததே, அதை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வருமா? பிறகு இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். அது மண்டிப் பை இல்லை, அவருடைய சொந்தப் பை. எச்சில் தொட்டு எண்ணி மேசைமேல் வைத்தார்.

"ரசீது மண்டி பேர்ல வேணாம் சார். என் பேர்ல போடுங்க."

"எதுக்குன்னு போடட்டும்?"

"தம்பியக் கூப்ட்டதுக்கு."

குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கிருந்து திரும்பி வந்தார். "ஒரு சந்தேகம் சார். ஆளுதான் இருந்தானே, அப்புறம் தேடிப் பாத்ததுக்குன்னு தனியா எதுக்கு துட்டு?"

ஞானப்பிரகாசம் இடது காதைக் காட்டிவிட்டுப் பிளக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். தணிகாசலமும் நின்றிருந்தார். வாணியம்பாடி பஸ் வரும்போதெல்லாம் எழுந்து போவதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "சும்மா, காத்து வாங்க" என்றார். என்னுடைய பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கடைசியில் ஒரு பஸ்ஸிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவன் இறங்கினான், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். தணிகாசலம் தம்பியைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"ஒடம்பு சரியில்லையாடா?" என்றார். அவருக்கு அந்தப் பெயரோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய வார்த்தை அதுதான். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாகக் குடையை விரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுத்த பஸ்ஸையும் விட்டேன்.

வேடியப்பன் என்ற பெயரில் அதன்பிறகு விலை கேட்க முடியவில்லை. "இல்லாத ஆளு பேரு ஒண்ணு சொல்லும்மா" என்று என்னிடமே கேட்டார் தணிகாசலம். "எனக்கு வரப்போற மாப்பிள்ளை பேரை வைங்க ஐயா, அவரும் இன்னும் வந்து சேரலை" என்றேன். மனுஷன் சிரித்தே பார்த்திராத நான் அன்று பார்த்தேன்.

சில மாதம் கழித்து மெட்ராஸிலிருந்து ஆலங்காயத்துக்கு ஒரு பி.பி. கால் வந்தது. மண்டியில் தணிகாசலம் என்பவர் வேண்டுமாம். மண்டி லைனைப் போட்டு, "தணிகாசலம் இருக்காருங்களா?" என்று விதிப்படி கேட்டேன். எடுத்தவர் அவரேதான். ஆனால் இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்குக் கேட்டுப் பழகிய பதில் விடுமா? "இல்லம்மா, வெளி..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து வேடியப்பன் கூப்பிடறார் ஐயா" என்றேன்.

"இருக்கேம்மா. இருக்கேன், இருக்கேன். இங்கதான் இருக்கேன்னு சொல்லு."

சேர்த்துவிட்டு நேரத்தைக் குறித்தேன். அன்று அண்ணன் வாய் ஓயாமல் பேசினார், நடுநடுவே இருமவும் செய்தார். அந்தப் பில்லில் ஒரு தகராறும் வரவில்லை. அது தம்பி கட்ட வேண்டிய பில்.